மலாயா பணத்தில் கட்டிய போர்க்கப்பல் மலாயாவுக்காகச் சுட்டதா?

நண்பர் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், மூன்று கேள்விகள். முதல் உலகப் போருக்கு முன்பு மலாயாவின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டிக் கொடுக்கப்பட்டது உண்மையா. 1941 டிசம்பரில் குவாந்தான் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது அந்தக் கப்பலைத்தானா. சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அவருடைய தாத்தா, அந்தக் கப்பலைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவந்தது நடந்திருக்கக்கூடியதா. ஆனால் இவற்றுக்குப் பிறகு அவர் எழுதியிருக்கும் கடைசி வரி, அதாவது "எங்கள் பணத்தில் கட்டிய கப்பல் எங்களுக்காக ஒரு குண்டாவது சுட்டதா?" என்பதே அவர் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு ஆம்; இரண்டாவதற்கு இல்லை; மூன்றாவது நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு; கடைசி வரிக்கு என் விடை, "இல்லை, சுடவில்லை" என்பதுதான். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குத்தான் நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது.

நான் வணிகக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீராவிச் சுழலிகளோடும் எண்ணெய்க் கொதிகலன்களோடும் பழகிய காரணத்தால், அவற்றைப் பெரிய அளவில் முதன்முதலாக நம்பி இறங்கிய குயின் எலிசபெத் வகுப்புப் போர்க்கப்பல்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன். இயந்திரங்கள் பற்றி நான் சொல்வது தொழில் அனுபவம். பீரங்கிகள் பற்றியும் போர் நடவடிக்கைகள் பற்றியும் சொல்வது முழுக்கப் படிப்பறிவு. மலாயாவின் வரி வருவாய் பற்றி என்னைவிட நன்கு அறிந்த வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியை அடிப்படை அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குவோம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அன்று கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் ஒரே நிர்வாகமாக இருந்தன. 1912 நவம்பரில் அவற்றின் கூட்டரசு மன்றம், சுல்தான்களின் பெயரால், முதல் தரப் போர்க்கப்பல் ஒன்றைப் பிரிட்டனுக்கு அன்பளிப்பாக வழங்குவதாகத் தீர்மானித்தது. அப்போது பேசப்பட்ட தொகை 22.5 லட்சம் பவுண்டு. ஒரே தடவையில் கொடுக்காமல் ஆண்டுத் தவணைகளாகக் கொடுப்பதாக ஏற்பாடு. கப்பல் கட்டி முடிந்தபோது அதன் செலவாகக் குறிப்பிடப்படும் தொகை ஏறத்தாழ 29 லட்சம் பவுண்டு. இந்த இரண்டு தொகைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதியிருப்பதைப் பல இடங்களில் காணலாம்; எனவே ஒரு தொகையைப் பார்த்தால் அது வாக்களித்ததா, செலவானதா என்று கவனித்துப் படிக்க வேண்டும்.

"எங்கள் பணம்" என்று நண்பர் எழுதியிருப்பது எந்த அளவுக்குச் சரி என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த மாநிலங்களில் அன்று வருமான வரி கிடையாது. ஈய ஏற்றுமதித் தீர்வை, அபின் வருவாய், ரயில்வே வருமானம், ரப்பர் ஏற்றுமதித் தீர்வை, நிலவரி, மது உரிமங்கள் ஆகியவற்றால்தான் கருவூலம் நிரம்பியது. ஈயச் சுரங்கங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அபினுக்குக் காசு கொடுத்தவர்களும் அவர்களே. தமிழர்களின் பங்கு ரப்பர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் சாலை வேலையிலும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை உரிமம் வழியாகவும் அவர்கள் கூலியில் ஒரு பகுதி அரசுக்கே திரும்பிச் சென்றது. 1911 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த நான்கு மாநிலங்களில் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும், அவர்களில் 1,70,000க்கும் அதிகமான இந்தியர்களும் இருந்தார்கள். அந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஆக, கப்பலின் விலையில் தமிழ் உழைப்பு கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு சீன உழைப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தாரிடமும் யாரும் விருப்பம் கேட்கவில்லை என்பதும் உறுதி. கூட்டரசு மன்றம் தேர்தல் மூலம் அமைந்ததன்று. அதிகாரிகளும் சுல்தான்களும் நியமன உறுப்பினர்களும் அமர்ந்த சபை அது. அதில் முதல் இந்தியராக எஸ். வீரசாமி நியமிக்கப்பட்டதே 1928இல்தான். கப்பல் தீர்மானம் நிறைவேறி அதற்குள் பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

இந்த அன்பளிப்பு சுல்தான்களின் மனத்தில் தானாக உதித்ததா, ஆங்கில அதிகாரிகளின் தூண்டுதலால் வந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அக்காலத்து அரசு வெளியீடுகள் முழுக்க முழுக்க ராஜ விசுவாசத்தின் வெளிப்பாடு என்றே பேசுகின்றன. ஹை கமிஷனர் சர் ஆர்தர் யங்கின் தலைமையில், ரெசிடெண்ட்கள் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆலோசகர்களின் ஆலோசனையை ஏற்றே நடக்க வேண்டும் என்ற உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்ட சுல்தான்கள் செய்த முடிவில் சுதந்திரமான விருப்பம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். என் கருத்தில், யாருடைய யோசனை என்பதைவிட முக்கியமானது அன்பளிப்பின் தன்மை. கப்பல் எந்தக் கடலில் நிற்க வேண்டும், யாரைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. ஆஸ்திரேலியா தன் பணத்தில் கட்டிய ஆஸ்திரேலியா என்ற போர்க்ரூசரை (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெரிய போர்க்கப்பலை) தன் சொந்தக் கடற்படையின் தலைமைக் கப்பலாக வைத்துக்கொண்டது. மலாயா என்றே பெயரிடப்பட்ட இந்தக் கப்பலோ பிரிட்டிஷ் கடற்படைக்கே உரியதாகப் பிறந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கப்பலைப் பற்றிச் சிறிது. குயின் எலிசபெத் வகுப்பில் முதலில் திட்டமிடப்பட்டவை நான்கு: குயின் எலிசபெத், வார்ஸ்பைட், பார்ஹாம், வேலியண்ட். மலாயாவின் பணத்தால் ஐந்தாவது சேர்ந்தது. டைன் நதிக்கரையில் ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனத்தின் கட்டுமான தளத்தில் 1913 அக்டோபரில் அடித்தளம் இடப்பட்டு, 1915 மார்ச் 18 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1916 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. எட்டு 15 அங்குலப் பீரங்கிகள், இரண்டிரண்டாக நான்கு கோபுரங்களில். ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ 870 கிலோ எடை. பக்கக் கவசத்தின் கனம் 13 அங்குலம். நீளம் சுமார் 196 மீட்டர்.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வகுப்பின் உண்மையான துணிச்சல் அதன் கொதிகலன் அறையில்தான் தெரியும். அதுவரை பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்கள் நிலக்கரியையே முதன்மையாக எரித்தன. நிலக்கரி வேல்ஸ் நாட்டுச் சுரங்கங்களில் வேண்டிய மட்டும் கிடைத்தது. எண்ணெயோ பிரிட்டனில் கிடையாது. ஆயினும் ஒரே எடைக்கு எண்ணெய் தரும் வெப்பம் நிலக்கரியைவிடக் கணிசமாக அதிகம். குழாயும் பம்பும் போதும் என்பதால், அள்ளிப்போடும் ஆட்கள் களைத்துப்போவதால் வேகம் குறையும் நிலை இல்லை. சாம்பல் வாரும் வேலை இல்லை. நடுக்கடலிலேயே எண்ணெய் நிரப்ப முடியும். கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலும், பணி ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு ஆலோசனை சொல்லிவந்த அட்மிரல் ஃபிஷரும் எண்ணெயை மட்டும் நம்பும் போர்க்கப்பல்களைக் கட்டத் துணிந்தார்கள். அந்த எண்ணெயை உறுதிசெய்வதற்காகவே 1914இல் பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ பெர்சியன் எண்ணெய் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 75,000 குதிரைத்திறனில் 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) வேகம் என்பது இலக்கு. போர்க்காலச் சுமையோடு இந்தக் கப்பல்கள் நடைமுறையில் ஓடியது ஏறக்குறைய 24 நாட். அதுவே அன்றைய மற்றப் போர்க்கப்பல்களைவிட மூன்று நாட் அதிகம். ஐந்தும் சேர்ந்து ஒரு வேக அணியாக இயங்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்துதான் வந்தது.

கடற்படையில் சேர்ந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1916 மே 31 அன்று மலாயா, வட கடலில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்ட் போரில் இறங்கியது. குயின் எலிசபெத் அப்போது பழுதுபார்ப்பில் இருந்ததால், ரியர் அட்மிரல் ஹியூ எவன் தாமஸின் தலைமையில் பார்ஹாம், வேலியண்ட், வார்ஸ்பைட், மலாயா என்ற வரிசையில் நான்கு கப்பல்களே சென்றன. கேப்டன் அல்ஜர்னன் பாயிலின் மலாயா கடைசி. முன்னணியில் சென்ற பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டியின் போர்க்ரூசர்கள் ஜெர்மன் பெருங்கடற்படையைக் கண்டு வடக்கே திரும்பியபோது, இந்த நான்கு கப்பல்களுக்கும் திரும்பும் ஆணை தாமதமாகவே வந்தது. ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப வேண்டியிருந்ததால், ஜெர்மன் பீரங்கிகள் அந்த இடத்தையே குறிவைத்துச் சுடத் தொடங்கின. தம் முறை வருவதற்குள் அங்கே என்ன நடக்கும் என்பதை உணர்ந்த பாயில், சற்று முன்னதாகவே கப்பலைத் திருப்பினார். அந்த முடிவு பல நூறு உயிர்களைக் காத்தது என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க வழியில்லை.

அதன் பிறகு வடக்கு நோக்கிய ஓட்டத்தில் எதிரிக்கு மிக அருகில் இருந்த கடைசிக் கப்பல் என்பதால் மலாயா கடுமையாக அடிவாங்கியது. எட்டுக் குண்டுகள் பட்டன. பீரங்கிக் கோபுரம் ஒன்றின் கூரையில் பட்ட குண்டு கவசத்தைத் துளைக்க முடியாமல் நின்றது. நீர்மட்டத்துக்குக் கீழே பட்டவற்றால் எண்ணெய்த் தொட்டிகளில் நீர் புகுந்து கப்பல் வலப்பக்கம் சுமார் நான்கு டிகிரி சாய்ந்தது. கோணத்தைப் பார்த்தால் சிறிதாகத் தோன்றும். ஆனால் சாய்ந்த பக்கத்துப் பீரங்கிகள் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும், அவற்றால் எட்டக்கூடிய தொலைவு குறையும், கொதிகலன்களுக்குச் செல்லும் எண்ணெயை எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். மிகக் கொடிய சேதம் வலப்பக்கத்து 6 அங்குலப் பீரங்கி வரிசையில் நேர்ந்தது. பாயில் அந்தப் பீரங்கிகளைக் கடல் நீரிலேயே சுடச் செய்து, எழும் நீர்த்திரையின் மறைவில் தப்ப எண்ணியிருந்தார். அந்த ஆணை செயலுக்கு வருமுன், மாலை 5.30 மணியளவில் விழுந்த குண்டுகளால் அங்கே அடுக்கியிருந்த கார்டைட் வெடிமருந்து பற்றி எரிந்தது. அந்த ஒரு தளத்தில் மட்டும் இறந்தவர்களும் காயமுற்றவர்களும் 102 பேர். போரிலும் பின்னர்க் காயங்களாலும் இறந்த மலாயாவின் மாலுமிகள் மொத்தம் 65 பேர். அத்தனைக்கும் நடுவில் அதன் பெரிய பீரங்கிகள் 215 குண்டுகளைச் சுட்டிருந்தன.

அந்தத் தீயில் முகமும் கைகளும் கருகியவர்களில் ஒருவர் வில்லி விக்கரேஜ் என்ற மாலுமி. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் டாக்டர் ஹரால்ட் கில்லீஸ் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, தோலை உடலிலிருந்து முற்றாக வெட்டி எடுக்காமல், இரத்த ஓட்டம் அறாதபடி ஒரு முனை ஒட்டியிருக்க, குழாய்போல் சுருட்டித் தைத்து முகத்துக்குக் கொண்டுசெல்லும் முறையைக் கையாண்டார். தொற்றுக்கு மருந்தில்லாத அந்தக் காலத்தில், மூடிய குழாயாக இருந்ததால் தோல் அழுகாமல் பிழைத்தது. நவீன முக மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையின் பெரிய திருப்பங்களில் ஒன்றாக மருத்துவ வரலாறு இதைக் குறிப்பிடுகிறது. இந்தக் கப்பலின் கதையில் மனித குலத்துக்கு நிலையாகக் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஜட்லாண்டில் மலாயா, கடற்படைக் கொடியோடு கூட்டரசு மலாய் மாநிலங்களின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கருப்புப் பட்டைக் கொடியையும் பறக்கவிட்டுச் சென்றது. பணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் போரில் கிடைத்த அடையாளம் அதுதான்.

இப்போது தாத்தாவின் கதைக்கு வருகிறேன். போர் முடிந்தபின், மாண்டேகு செம்ஸ்ஃபோர்ட் சீர்திருத்தப்படி அமைந்த புதிய சட்டமன்றங்களைத் தொடங்கிவைக்க மன்னரின் சிற்றப்பா கன்னாட் கோமகன் இந்தியா வந்தார். அவரை ஏற்றிவந்தது மலாயா. 1921 ஜனவரியில் அவர் சென்னையில் இறங்கினார். ஜனவரி 12 அன்று நீதிக்கட்சி ஆட்சியின் முதல் சட்டமன்றத்தைத் தொடங்கிவைத்தார். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1921இன் தொடக்கத்தில் கப்பல் தன் பெயருக்குரிய நாட்டுக்குச் சென்று, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வேறு சில துறைமுகங்களிலும் நின்றது. கொடுத்தவர்களுக்குக் காட்டுவதே அந்த வருகையின் நோக்கம். சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் ரயிலில் போய்ப் பார்த்துவந்தார் என்பதில் நம்ப முடியாதது எதுவுமில்லை. தாத்தா சொன்ன ஆண்டு 1921ஐ ஒட்டியிருந்தால் அவர் பார்த்தது மலாயாவாகவே இருந்திருக்கலாம். 1924ஐ ஒட்டியிருந்தால், உலகச் சுற்றுப்பயணத்தில் வந்த ஹூட், ரிபல்ஸ் ஆகிய கப்பல்களில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதியவர்களின் நினைவில் பெரிய சாம்பல் நிறக் கப்பல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இயல்பு. எனவே ஆண்டைப் பற்றி வீட்டில் வேறு யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே மலாயாவுக்கு வேறு விதமான பணி கிடைத்தது. 1922 நவம்பர் 17 காலையில், ஆட்சியிழந்த கடைசி உதுமானிய சுல்தான் ஆறாம் மெஹ்மதை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றிக்கொண்டு மால்டாவில் இறக்கியது இந்தக் கப்பல்தான். முஸ்லிம் சுல்தான்களின் பெயரால் வழங்கப்பட்ட கப்பலில் உதுமானிய வம்சத்தின் கடைசி ஆட்சியாளர் நாடு நீங்கினார் என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகக் கருத ஆதாரமில்லை. அப்போது அங்கே நின்ற கப்பல் அது, அவ்வளவே.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடக்கலாம், ஒரு செய்தியைத் தவிர. வார்ஸ்பைட், வேலியண்ட், குயின் எலிசபெத் ஆகிய மூன்றும் 1934க்கும் 1941க்கும் இடையில் அடிமுதல் புதுப்பிக்கப்பட்டன: புதிய கொதிகலன்கள், புதிய சுழலிகள், 30 டிகிரி வரை உயரும் பீரங்கிகள். மலாயாவுக்கு 1927 முதல் 1929 வரையும் 1934 முதல் 1936 வரையும் நடந்த வேலைகளில் டார்பிடோத் தடுப்பு வீக்கங்கள், கூடுதல் கவசம், விமானக் கொட்டகை ஆகியவை கிடைத்தன; இயந்திரங்கள் பழையவையாகவே நீடித்தன, பீரங்கிகள் 20 டிகிரிக்கு மேல் உயரவில்லை. இதன் விளைவு 1940 ஜூலை 9 அன்று தெற்கு இத்தாலியின் கலாப்ரியா கரைக்கு அப்பால் தெளிவாகத் தெரிந்தது. வார்ஸ்பைட் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இத்தாலியின் ஜூலியோ சேசரே கப்பலைத் தாக்கியது. பின்னால் வந்த மலாயாவின் குண்டுகள் எட்டாமல் கடலில் விழுந்தன.

ஆயினும் இரண்டாம் உலகப் போரில் இந்த மூத்த கப்பலை வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1941 மார்ச் 7 அன்று, சியரா லியோனிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற எஸ்.எல். 67 என்ற வணிகக் கப்பல் தொடருக்கு மலாயா காவலாக இருந்தது. ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனாவ் ஆகிய இரு ஜெர்மன் கப்பல்கள் அந்தத் தொடரைக் கண்டன. அவை வேகமானவை, இரண்டாக இருந்தவை. எனினும் பெரிய போர்க்கப்பல் காவல் நிற்கும் தொடரோடு மோதக் கூடாது என்ற ஆணைக்கு உட்பட்டு, அவற்றின் தளபதி அட்மிரல் லூட்யென்ஸ் விலகிச் சென்றார். நீர்மூழ்கிகள் அந்தத் தொடரில் ஐந்து கப்பல்களை மூழ்கடித்தன என்பது வருத்தமே; ஆனால் அந்த இரண்டு கப்பல்களும் நெருங்கியிருந்தால் ஐந்தோடு நின்றிருக்காது. இரண்டு வாரங்களுக்குள், மார்ச் 20 அன்று, அடுத்த தொடரைக் காத்துக்கொண்டிருந்தபோது யூ 106 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ மலாயாவையே தாக்கியது. சாய்வோடு டிரினிடாட் வரை சென்று சேர்ந்து, பிறகு நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம் அது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 9 அன்று, ரினவுன் என்ற போர்க்ரூசரோடும் ஷெஃபீல்ட் என்ற க்ரூசரோடும் சேர்ந்து இத்தாலியின் ஜெனோவா நகரை மலாயா சுட்டது. பொதுமக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு 15 அங்குலக் குண்டு சான் லொரென்சோ பேராலயத்தின் உள்ளே விழுந்து வெடிக்காமல் கிடந்தது. இன்றும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது மலாயா சுட்டது என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். ரினவுனிலும் அதே வகை 15 அங்குலப் பீரங்கிகளே இருந்தன. ஆகையால் குண்டைப் பார்த்து மட்டும் கப்பலைத் தீர்மானிக்க முடியாது. மலாயாவாக இருக்கலாம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

இனி 1941 டிசம்பர். ஜப்பானியர்கள் டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கினார்கள். டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கியவை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு கப்பல்கள். 840 பேர் இறந்தார்கள். மலாயா அன்று உலகின் மறு கோடியில், ஜிப்ரால்டரை மையமாகக் கொண்ட ஃபோர்ஸ் எச் அணியில் இருந்தது. நவம்பர் 13 அன்று ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கியை நீர்மூழ்கி தாக்கியபோது, அந்த அணியின் தளபதி அட்மிரல் சோமர்வில்லின் கொடி பறந்தது மலாயாவில்தான். ஆர்க் ராயல் மறுநாள் மூழ்கிற்று; நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலின் கிழக்கே பார்ஹாமும் போயிற்று. அந்த நிலையில் ஜிப்ரால்டரிலிருந்து பெரிய கப்பலை விடுவிப்பதைப் பற்றி லண்டன் நினைத்திருக்கவே முடியாது. தவிர, சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது ஜப்பானை அச்சுறுத்தி நிறுத்தும் வேகமான சிறு அணி என்பதே திட்டம். மெதுவான, பீரங்கி எட்டாத பழைய கப்பலுக்கு அதில் இடமில்லை.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர் கேட்கக்கூடும். விமானப் பாதுகாப்பின்றிச் சென்ற புதிய கப்பலான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸே இரண்டு மணி நேரத்துக்குள் மூழ்கியது. மலாயா சென்றிருந்தால் அதன் முடிவும் அதேதான். இறந்தவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். இதை என் மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆள் தொடர்பு ஒன்று உண்மையிலேயே உண்டு. 1940–41இல் மலாயாவின் கேப்டனாக இருந்த ஆர்தர் பாலிசர், பதவி உயர்ந்து, 1941 டிசம்பரில், மூழ்கிய அந்த இரு கப்பல்களுக்கும் தளபதியான அட்மிரல் ஃபிலிப்ஸின் தலைமைப் பணியாளர் அதிகாரியாகச் சிங்கப்பூரில் கரையில் இருந்தார். குவாந்தானில் எதிரிகள் இறங்குவதாக வந்த செய்தியை ஃபிலிப்ஸுக்கு அனுப்பியவர் அவரே. அந்தச் செய்தி தவறானது. அதை நம்பித்தான் ஃபிலிப்ஸ் சிங்கப்பூர் திரும்பும் வழியை விட்டுக் குவாந்தான் பக்கம் திரும்பினார். பாலிசரைக் குறை சொல்வது எளிது; கையில் இருந்த தகவலை அவர் அனுப்பினார் என்பதற்குமேல் தீர்ப்பு வழங்க எனக்குத் தகுதியில்லை.

மீதி வரலாறு குறுகியது. 1942 ஏப்ரலில் மடகாஸ்கர் படையெடுப்புக்காக ஜிப்ரால்டரிலிருந்து தெற்கே புறப்பட்ட கப்பல்களில் மலாயாவும் இருந்தது. தாக்குதலில் அதன் இடத்தை ராமிலீஸ் என்ற மற்றொரு போர்க்கப்பல் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் மால்டாவுக்குப் பொருள் கொண்டுசென்ற கப்பல்களுக்குப் பாதி வழி வரை காவல் சென்றது. 1944 மே மாதம் ஸ்காட்லாந்தில், நீரின்மேல் துள்ளிச் செல்லும் குண்டைச் சோதிக்க அதையே இலக்காக நிறுத்தினார்கள். வெடிமருந்து நிரப்பாத குண்டு ஒன்று அதன் பக்கத்தைத் துளைத்தது. 1944 செப்டம்பர் 1 அன்று பிரான்சில் சான் மாலோவுக்கு எதிரே உள்ள செசாம்ப்ர் தீவின் ஜெர்மன் பீரங்கிகளைச் சுட்டது. போருக்குப் பிறகு போர்ட்ஸ்மத்தில் மாலுமிகள் தங்குமிடமாக இருந்து, 1948இல் விற்கப்பட்டு, ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் உடைக்கப்பட்டது.

இவற்றைத் தாமே சரிபார்க்க விரும்பினால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 53 என்ற தொகுப்பில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகள் கப்பல் பெயர் வாரியாக இருக்கின்றன. 1921 ஜனவரி, பிப்ரவரி மாதப் பக்கங்களைக் கேட்டு வாங்கினால் கப்பல் எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டது என்பது தெரியும். தீர்மானத்தின் பின்னணியையும் தவணைகளையும் அறிய, கூட்டரசு மன்றத்தின் 1912 நவம்பர் நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து தொடங்கி, அடுத்து வந்த ஆண்டுகளின் வரவுசெலவு அறிக்கைகளைப் பார்ப்பது நல்லது. கோலாலம்பூரில் இருப்பவருக்கு மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமே முதலில் விசாரிக்க வேண்டிய இடம்.